ஆட்டத்தை நிறுத்தும் மென்பொருள் எதை எடுத்துக்கொண்டு போகிறது?

என் அத்தை பல்லாங்குழி ஆடும் வீடியோ ஒன்று என்னிடம் இருக்கிறது. ஒன்றரை நிமிடம் ஓடும். பொழுது சாய்ந்த பிறகு, கூடத்தில் ஒரே ஒரு மஞ்சள் விளக்கு எரிய, எதிரில் உட்கார்ந்து ஃபோனைக் கையில் பிடித்து எடுத்தது. படம் முழுவதும் கை நடுக்கத்தில் ஆடுகிறது. இருட்டுச் சுவரெங்கும் மணல் கொதிப்பதுபோல் புள்ளிகள் மொய்க்கின்றன. இந்த இரண்டையும் சரிசெய்யலாம் என்று ஒரு மென்பொருளில் கொடுத்தேன். முதல் பார்வையில் அசந்துபோனேன். படத்தின் ஆட்டம் நின்றிருந்தது, சுவர் துடைத்துவைத்ததுபோல் இருந்தது. இரண்டாம் முறை பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது: அத்தையின் விரலிலிருந்து நழுவும் புளியங்கொட்டைகள் குழிக்குள் விழுவதற்கு முன்பே காற்றில் கரைந்திருந்தன. சேலைக் கரையின் சரிகைக் கட்டங்கள் ஒரே மஞ்சள் பட்டையாகியிருந்தன.

ஆட்டத்தை நீக்குவதாகவும் இரைச்சலை, அதாவது அந்த மணல்போன்ற புள்ளிகளை, குறைப்பதாகவும் சொல்லும் எந்த மென்பொருளும் வேண்டாததோடு சேர்த்து வேண்டியதிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டுதான் போகும். எது எவ்வளவு எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் மதிப்பீடு. அதற்கு, உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். கணிதம் அதிகம் தேவையில்லை.

ஆட்டத்திலிருந்து தொடங்குவோம். வீடியோ என்பது விநாடிக்கு 25 அல்லது 30 ஃப்ரேம்கள், அதாவது நிழற்படங்களின் வரிசை. நிலைப்படுத்தும் மென்பொருள் ஒரு ஃப்ரேமில் எளிதாக அடையாளம் காணக்கூடிய புள்ளிகளைத் தேடிக்கொள்கிறது: கதவின் மூலை, ஜன்னல் கம்பி, சுவரில் ஓர் ஆணி. அடுத்த ஃப்ரேமில் அதே புள்ளிகள் எங்கே போயின என்று பார்க்கிறது. எல்லாம் சேர்ந்து ஐந்து பிக்சல் இடப்பக்கம் நகர்ந்திருந்தால், கேமரா வலப்பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பொருள். இப்படி ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் கணக்கிட்டால் கேமரா போன பாதை ஒரு கோடாகக் கிடைக்கும். கை நடுங்கியபடி வரைந்த கோலக்கோடுபோல் அது நெளிந்திருக்கும். மென்பொருள் அந்த நெளிவை மழுப்பி வழுவழுப்பான கோடாக்குகிறது. பிறகு ஒவ்வொரு ஃப்ரேமையும் பழைய கோட்டிலிருந்து புதிய கோட்டுக்கு நகர்த்தி, தேவையானால் திருப்பி, சில சமயம் வளைத்தும் வைக்கிறது. கண்டறிதல், மழுப்புதல், நகர்த்துதல் என்ற இந்த மூன்று வேலைகளில் ஏதோ ஒன்றில்தான் எல்லா மென்பொருள்களின் உயர்வும் தாழ்வும் இருக்கின்றன.

மழுப்புவதற்குள் ஒரு நுணுக்கம் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ கருவியில் விட்ஸ்டாப் என்ற நிலைப்படுத்தும் பகுதி இருக்கிறது. அது வீடியோவை இரண்டு முறை ஓட்டும். முதல் ஓட்டத்தில் அசைவுகளை ஒரு கோப்பில் எழுதிக்கொள்ளும். இரண்டாவதில் அதைப் படித்துத் திருத்தும். இனி வரப்போகும் ஃப்ரேம்கள் எப்படி ஆடும் என்று தெரிந்தால்தான் இப்போதுள்ள ஃப்ரேமை எங்கே வைப்பது என்று சரியாக முடிவு செய்ய முடியும் என்பதே காரணம். அதில் மழுப்பலின் அளவு இயல்பாக 10 என்று அதன் விளக்கக் குறிப்பு சொல்கிறது. முன்னே பத்து, பின்னே பத்து, நடுவில் ஒன்று என 21 ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்க்கும் என்று அர்த்தம். விநாடிக்கு 30 ஃப்ரேம் என்றால் இது முக்கால் விநாடிக்கும் குறைவு. சாதாரணமாக நடக்கும்போது விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு அடி வைக்கிறோம். ஆகவே ஒன்றரை அடி நேரத்துக்குள் அடங்கும் குலுக்கல் மட்டுமே இந்த வலையில் நன்றாகச் சிக்கும். இடமும் வலமுமாக மெல்லச் சாயும் ஊசலாட்டம் தப்பித்துவிடும். அளவை 30 ஆக்கினால் 61 ஃப்ரேம், இரண்டு விநாடி. ஊசலாட்டமும் அடங்கும். ஆனால் படத்தை இன்னும் தூரம் நகர்த்த வேண்டிவரும்.

நகர்த்தினால் என்ன? அங்கேதான் முதல் விலை. ஃப்ரேமை இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கத்தில் வெற்றுக் கரும்பட்டை தெரியும். அதை மறைக்கப் படத்தைப் பெரிதாக்கி ஓரங்களை வெட்ட வேண்டும். 1920க்கு 1080 அளவுள்ள வீடியோவைப் பத்து விழுக்காடு பெரிதாக்கினால் உண்மையில் மிஞ்சுவது சுமார் 1745க்கு 982 பிக்சல். கேட்கும்போது சின்ன வெட்டாகத் தோன்றும் இதில் பரப்பளவில் ஆறில் ஒரு பங்கு போய்விடுகிறது. வெட்டப்படுவது எப்போதும் ஓரம். ஓரத்தில்தான் குழுப்படத்தின் கடைசி ஆள் நிற்கிறார். இதற்கு முன்கூட்டியே செய்யக்கூடிய நல்ல பரிகாரம் ஒன்று உண்டு. கடைசியில் வேண்டியது 1080 அளவுதான் என்றால், 4கே அளவில், அதாவது 3840க்கு 2160 பிக்சலில், கொஞ்சம் விலகி நின்று எடுத்துவிடுங்கள். வெட்டிய பின்னும் 1920க்கு 1080 பிக்சல் மிஞ்சும்வரை வெட்டினால் கூர்மை குறையாது.

இரண்டாவது விலை கூர்மை. படத்தை ஒரு முழுப் பிக்சல் நகர்த்தினால் சேதமில்லை. ஆனால் கணக்கு 3.4 பிக்சல் என்று வரும்போது பக்கத்துப் பிக்சல்களைக் கலந்து புதுப் பிக்சல் உண்டாக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கலப்பில் படம் சற்றே குழைகிறது. விட்ஸ்டாப்பின் விளக்கக் குறிப்பே, நிலைப்படுத்திய பின் லேசாகக் கூர்மையேற்றிக்கொள்ளச் சொல்கிறது.

மூன்றாவது விலை வளைவு. இதை அறிய, கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சார் படமெடுக்கும் விதத்தைப் பார்க்க வேண்டும். ஃபோன் கேமராக்களின் சென்சார் ஒரு ஃப்ரேமை ஒரே கணத்தில் பதிவதில்லை. மேல் வரியிலிருந்து கீழ் வரிவரை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வருகிறது. ரோலிங் ஷட்டர் என்று இதற்குப் பெயர். படிக்கும்போதே கை ஆடினால் மேல்பாதி ஓரிடத்திலும் கீழ்பாதி வேறிடத்திலும் பதிவாகும். நேரான மின்கம்பம் சாய்ந்து நெளியும். முழு ஃப்ரேமையும் ஒரே துண்டாக நகர்த்தும் எளிய கருவிகளால் இந்த நெளிவை நீக்க முடியாது. சொல்லப்போனால் ஆட்டம் நின்றபின் நெளிவு இன்னும் பளிச்சென்று தெரியும், படம் தட்டில் வைத்த ஜெல்லிபோல் தளும்பும். விர்ச்சுவல்டப் என்ற வீடியோ மென்பொருளுக்காகக் குன்னார் தாலின் எழுதிய டீஷேக்கர் என்ற பழைய இலவசக் கருவியில் இதற்கென்றே ஒரு திருத்தம் உண்டு. அடோபி நிறுவனம் 2011இல் தன் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் சேர்த்த வார்ப் ஸ்டெபிலைசர், படத்தின் வெவ்வேறு பகுதிகளை வெவ்வேறு அளவில் வளைத்து நிலைப்படுத்தும். அந்த வளைக்கும் சுதந்திரமே அதன் ஆபத்தும்கூட. குறுக்கே ஓர் ஆள் பெரிதாக நடந்து போனால், எது பின்னணி எது ஆள் என்று குழம்பி, அசையாத சுவரை இழுத்து மடிக்கத் தொடங்கிவிடும். அப்போது முறையை இடமாற்றம், சுழற்சி என்ற எளிய நிலைக்குக் குறைத்துப் பார்ப்பது நல்லது. ஆகவே சோதிக்கும்போது நடுவிலுள்ள முகத்தைப் பார்க்காதீர்கள். நிலைவாசல், கம்பம், படத்தின் நான்கு மூலைகள் ஆகியவற்றைப் பாருங்கள். தவறு அங்கேதான் முதலில் எட்டிப்பார்க்கும்.

அத்தையின் வீடியோவில் நடந்ததும் இதுதான். பாதிப் படத்தை அவருடைய கைகள் நிறைத்திருந்தன. மென்பொருள் கைகளை நிலம் என்று எண்ணிவிட்டது. கை குழிக்குக் குழி தாவும்போதெல்லாம் பலகை எதிர்ப்பக்கம் மிதந்தது.

படத்தையே பார்க்காமல் நிலைப்படுத்தும் வழியும் உண்டு. கேமராவுக்குள் இருக்கும் கைரோஸ்கோப் அது எப்படித் திரும்பியது என்பதை ஒவ்வொரு கணமும் அளக்கிறது. அந்த அளவு வீடியோக் கோப்போடு சேமிக்கப்பட்டிருந்தால், கைரோஃப்ளோ என்ற இலவச மென்பொருள் அதைப் படித்து எதிர்த்திசையில் திருத்தும். இருட்டு, கூட்டம், அலையடிக்கும் நீர் எதுவும் அதைக் குழப்பாது. கோப்ரோ கேமராக்களில் ஹீரோ5 முதல் இந்த அளவு கோப்புக்குள்ளேயே பதிவாகிறது. வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த வீடியோவில் அது மிஞ்சியிருக்காது. அதோடு கைரோஸ்கோப் திரும்புதலை மட்டுமே அளக்கும். நடக்கும்போது கேமரா மேலும் கீழும் ஏறி இறங்குவதை அதனால் சொல்ல முடியாது.

ஆட்டம் நின்றுவிட்டால் போதுமா என்ற கேள்வியும் இருக்கிறது. கூகுளில் மத்தியாஸ் குருண்ட்மன், விவேக் குவாத்ரா, இர்ஃபான் எஸ்ஸா மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. திரைப்பட ஒளிப்பதிவாளர் கேமராவை எப்படி நகர்த்துவார்? ஒன்று அசையாமல் வைப்பார், அல்லது ஒரே வேகத்தில் நகர்த்துவார், அல்லது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மெல்ல மாறுவார். புதிய பாதையை இந்த மூன்று வகைத் துண்டுகளால் மட்டுமே அமைக்க வேண்டும் என்று அவர்கள் கணிதமாக எழுதினார்கள். யூடியூபின் நிலைப்படுத்தும் வசதியில் இந்த முறை பயன்பட்டது. எனக்கு இந்த ஆய்வு மிகவும் பிடிக்கும். நல்ல கேமரா அசைவு எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்கியிருக்கிறார்கள். நீங்கள் சோதிக்கும் கருவியிலும் இதைக் கவனியுங்கள். நடந்துகொண்டே எடுத்த காட்சியை ட்ரைபாடில் வைத்ததுபோல் விறைக்கச் செய்யப் பார்த்தால், படம் சிறிது நேரம் உறைந்து நின்று திடுக்கென்று தாவும். மெதுவாக மிதந்து போகும் படம் அதைவிட எவ்வளவோ மேல்.

மென்பொருள் மேல் பழி போடக்கூடாத குறை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மங்கிய வெளிச்சத்தில் ஷட்டர் முப்பதில் ஒரு விநாடிவரை திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் கை ஆடினால் அந்த ஃப்ரேமே கலங்கிப் பதிவாகிவிடுகிறது. பின்னால் ஃப்ரேமை எவ்வளவு நேர்த்தியாக நகர்த்தி வைத்தாலும் கலங்கல் கலங்கலாகவே இருக்கும். முன்பு ஆட்டத்தில் மறைந்திருந்தது இப்போது அசையாத படத்தில் விட்டுவிட்டு மங்கித் தெளியும். பகல் வெயிலில் ஐந்நூறில் ஒரு விநாடியில் எடுத்த படத்தில் இந்தத் தொல்லை இல்லை. எனவே இரண்டு மென்பொருள்களை ஒப்பிடும்போது ஒன்றுக்குப் பகல் காட்சி, மற்றொன்றுக்கு இரவுக் காட்சி என்று கொடுத்துவிடக் கூடாது.

இனி இரைச்சல். வானொலியில் நிலையம் சரியாகக் கிடைக்காதபோது பாட்டோடு சேர்ந்து கரகரப்பு வருமே, படத்தில் மொய்க்கும் புள்ளிகளும் அதே குடும்பம். இதை ஃபோனின் கோளாறு என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பகுதி ஒளியின் இயல்பு. தூறல் விழும் மொட்டைமாடியில் ஒரே மாதிரி நூறு டம்ளர்களை வரிசையாக வைத்ததாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாவற்றிலும் ஒரே எண்ணிக்கையில் துளி இருக்காது. ஒன்றில் கூடும், ஒன்றில் குறையும். சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் அப்படி ஒரு டம்ளர். சராசரியாக 100 ஒளித்துகள் விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு ஏறத்தாழ 10, அதாவது பத்தில் ஒரு பங்கு. 10,000 விழும் இடத்தில் ஏற்றத்தாழ்வு 100. நூறில் ஒரு பங்குதான். வெளிச்சத்தில் படம் சுத்தமாகவும் இருட்டில் பொரிப்பொரியாகவும் இருப்பதற்கு இதுவே முதற்காரணம். சென்சாரின் மின்சுற்று சேர்க்கும் இரைச்சல் இதற்கு மேல் வருவது.

டம்ளர் கணக்கிலிருந்தே மருந்தும் கிடைக்கிறது. சராசரி எடு. அசையாத சுவரின் அடுத்தடுத்த நான்கு ஃப்ரேம்களைச் சராசரியாக்கினால் இரைச்சல் பாதியாகும். 16 ஃப்ரேம் என்றால் கால்பங்கு. ஃப்ரேம்களுக்கிடையே சராசரி எடுப்பது ஒரு வகை. ஒரே ஃப்ரேமுக்குள் அக்கம்பக்கத்துப் பிக்சல்களைச் சராசரியாக்குவது இன்னொரு வகை. முதல் வகைக்கு எதிரி அசைவு. பத்து சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழும் புளியங்கொட்டை தரையைத் தொட ஏழில் ஒரு விநாடி எடுக்கும். அதாவது நான்கே ஃப்ரேம்கள், நான்கிலும் வெவ்வேறு இடம். ஓரிடத்தில் ஒரே ஒரு ஃப்ரேமில் தோன்றி மறையும் கரும்புள்ளி மென்பொருளுக்கு இரைச்சலாகத் தெரிவதில் வியப்பில்லை. கொட்டைகள் காற்றில் கரைந்த கதை இதுதான். அளவு மிஞ்சினால் நகரும் கைக்குப் பின்னால் ஆவிபோல் ஒரு வால் இழுபடுவதும் இதனால்தான். இரண்டாம் வகைக்கு எதிரி நுண்ணிய விவரம். முகச் சுருக்கம், நரைமுடி, சரிகை எல்லாம் அக்கம்பக்கத்தோடு கலந்து, முகம் மெழுகுப் பொம்மையாகிவிடும்.

எஃப்எஃப்எம்பெக்கில் உள்ள ஹெச்க்யூடிஎன்3டி என்ற வடிகட்டி இந்த இரண்டையும் கலந்து செய்யும், வேகமானது. அதிலேயே உள்ள என்எல்மீன்ஸ் என்ற வடிகட்டி வேறு மாதிரி. பக்கத்துப் பிக்சல் என்பதற்காகச் சராசரியில் சேர்க்காமல், படத்தில் எங்கெல்லாம் இதே மாதிரியான சிறு துண்டு இருக்கிறதோ அவற்றைத் தேடிச் சேர்க்கும். சேலையின் ஒரு கட்டத்துக்கு இன்னொரு கட்டம் துணையாக வரும். அருமையான யோசனை, மிக மெதுவாக ஓடும்.

இந்த என்எல்மீன்ஸ் முறையை 2005இல் முன்வைத்த புவாதெஸ், கோல், மொரேல் மூவரும் அதே கட்டுரையில் ஒரு சோதனையையும் தந்தார்கள். என் பார்வையில் முறையைவிட அந்தச் சோதனை பெரிய கொடை. சுத்தம் செய்த படத்தைப் பார்க்காதே, சுத்தம் செய்யும்போது வெளியே போனதைப் பார். மூலப் படத்திலிருந்து திருத்திய படத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மென்பொருள் எடுத்துக்கொண்டு போனது. அது நேர்மையாக இரைச்சலை மட்டும் எடுத்திருந்தால், கழித்த படத்தில் உருவமில்லாத மணல் மட்டும் இருக்கும். அங்கே புருவம் தெரிந்தால், கரையின் கட்டம் தெரிந்தால், எழுத்து தெரிந்தால் அதெல்லாம் உங்கள் படத்திலிருந்து களவு போனவை. இதைச் செய்ய ஆய்வகம் வேண்டாம். எடிட்டிங் மென்பொருளில் மூல வீடியோவையும் திருத்தியதையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதன் கலப்பு முறையை டிஃபரன்ஸ் என்று மாற்றுங்கள். படம் ஏறக்குறைய கறுப்பாகும். பிறகு வெளிச்சத்தை நன்றாக ஏற்றிப் பாருங்கள். என் வீடியோவுக்கு இதைச் செய்தபோது கறுப்புத் திரையில் அத்தையின் முகச் சுருக்கங்கள் ஒவ்வொன்றும் கோட்டோவியம்போல் எழுந்து நின்றன. விழும் கொட்டைகளும் அங்கே இருந்தன. இந்தச் சோதனையை இரைச்சல் நீக்கத்துக்கு மட்டும், நிலைப்படுத்துவதற்கு முன்பே செய்ய வேண்டும். ஃப்ரேம் நகர்ந்துவிட்டால் கழித்தலுக்குப் பொருளில்லை.

எதை முதலில் செய்வது என்ற வரிசைக் கேள்விக்கும் இதிலிருந்தே விடை வருகிறது. முதலில் இரைச்சலை நீக்குங்கள், அடுத்து நிலைப்படுத்துங்கள், கூர்மையேற்றுவது கடைசியில். நிலைப்படுத்தும்போது பிக்சல்கள் கலக்கப்படுவதால் இரைச்சலின் இயல்பு மாறிவிடும். அதன்பின் நீக்கும் கருவி அதை அடையாளம் காணத் தடுமாறும். இரைச்சலை மாதிரி எடுத்து அதன்படி நீக்கும் நீட் வீடியோ போன்ற கருவிகளுக்கு இது இன்னும் பொருந்தும். அவை மூலப் படத்தின் வெறுமையான பகுதியொன்றைக் காட்டச் சொல்கின்றன. அசைவைப் பின்தொடராத எளிய சராசரிக் கருவியாக இருந்தால் மட்டும் தலைகீழ் வரிசை உதவக்கூடும், ஏனென்றால் நிலைப்படுத்திய படத்தில் சுவர் சுவர்மேலேயே விழுகிறது.

எண்களால் மதிப்பிட முடியாதா என்று கேட்பீர்கள். முடியும். பிஎஸ்என்ஆர், எஸ்எஸ்ஐஎம், நெட்ஃபிளிக்ஸ் 2016இல் திறந்த மூலமாக வெளியிட்ட விமாஃப் ஆகிய, படத்தின் தரத்தை எண்ணாகச் சொல்லும் அளவுகோல்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ஒப்பிட ஒரு சுத்தமான மூலம் வேண்டும். இருட்டில் எடுத்த வீடியோவுக்கு அது எங்கே இருக்கிறது? அதை நாமே உண்டாக்கலாம். பகலில் ட்ரைபாடில் எடுத்த தெளிந்த காட்சிக்குச் செயற்கையாக இரைச்சலைச் சேர்த்து, மென்பொருள்களிடம் கொடுத்து, எது மூலத்துக்கு அருகில் கொண்டுவருகிறது என்று அளக்கலாம். நிலைப்படுத்தலுக்கு அடுத்தடுத்த ஃப்ரேம்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று அளக்கும் வழக்கம் உண்டு. அந்த எண்ணை நம்பி ஏமாற வேண்டாம். படத்தை மங்கலாக்கினாலே அது உயர்ந்துவிடும்.

வீட்டில் ஒப்பிட மூன்று துண்டுகள் போதும், ஒவ்வொன்றும் பதினைந்து விநாடி. பகலில் தெருவில் நடந்தபடி எடுத்தது ஒன்று. நேர்கோடுகள் நிறைய இருக்கட்டும். மங்கிய அறையில், முகமும் கட்டம் போட்ட துணியும் தெரிய ஒன்று. சின்னப் பொருள் வேகமாக அசையும் காட்சி ஒன்று. எல்லா மென்பொருளுக்கும் அதே துண்டுகளையே கொடுத்து, ஒரே தரத்தில் சேமித்து, ஃபோன் திரையில் அல்லாமல் வீட்டிலிருக்கும் பெரிய திரையில் ஓடவிட்டுப் பாருங்கள். நிறுத்திவைத்த ஒற்றை ஃப்ரேமில் தளும்புவது தெரியாது. கோப்புகளின் பெயரை வீட்டிலுள்ள வேறொருவரைக் கொண்டு மாற்றச் சொல்லுங்கள். விலை கொடுத்து வாங்கியது எது என்று தெரிந்தால் கண் அதன் பக்கமே சாயும்.

விலை என்றதும் ஒரு நடைமுறைத் தகவல். டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பிலேயே நிலைப்படுத்தும் வசதி நன்றாக இருக்கிறது. இரைச்சல் நீக்கம் மட்டும் கட்டணப் பதிப்பான ஸ்டுடியோவில்தான். கொஞ்சம் கட்டளை தட்டச்சு செய்யத் தயங்காதவர்களுக்கு எஃப்எஃப்எம்பெக் ஒன்றிலேயே இரண்டும் செலவின்றிக் கிடைக்கும். செயற்கை நுண்ணறிவால் இயங்கும் கருவிகள் இப்போது நிறைய வந்துவிட்டன. அவை இழந்த விவரத்தை மீட்பதில்லை. கற்ற படங்களிலிருந்து பொருத்தமாகத் தோன்றும் விவரத்தை வரைகின்றன. விளம்பரப் படத்துக்கு அது போதும். நம் வீட்டுப் பெரியவரின் முகத்தில் யாருடைய தோலையோ பொருத்துவதை நான் ஏற்கமாட்டேன்.

அத்தையின் வீடியோவை மறுபடி முதலிலிருந்து செய்தேன். இரைச்சல் நீக்கத்தை, கழித்த படத்தில் சுருக்கங்கள் மறைந்து மணல் மட்டும் மிஞ்சும்வரை படிப்படியாகக் குறைத்தேன். நிலைப்படுத்தும்போது கைகளின் பகுதியைக் கணக்கிலிருந்து விலக்கி, சுவரையும் பலகையின் விளிம்பையும் மட்டும் பின்தொடரவிட்டேன். ஓரத்தில் ஆறு விழுக்காடு வெட்டு. சுவரில் இன்னும் கொஞ்சம் மணல் மொய்க்கிறது, அவர் எழுந்து விளக்கைத் தூண்டும் இடத்தில் படம் ஒரு முறை கலங்கித் தெளிகிறது. கொட்டைகள் ஒவ்வொன்றாகக் குழியில் விழுகின்றன, எண்ணிவிடலாம்.